பலேனோ ஹைப்ரிட்: 2015, 2019, 2022. வடசென்னைக்கு எது ஓடும்?

போன வாரம் மணலியில் இருக்கும் மச்சான் ஒரு விளம்பரத்தை வாட்ஸாப்பில் அனுப்பினான். "2020 பலேனோ, ஸ்மார்ட் ஹைப்ரிட், ஆல்ஃபா, ஆட்டோமேட்டிக், சிங்கிள் ஓனர், டிஎன் 18." அதற்குக் கீழே அவன் கேள்வி: "மாமா, ஹைப்ரிட்னா பெட்ரோல் பாதிதானே ஆகும்? அட்வான்ஸ் போட்டுடவா?"

போடாதே என்று உடனே போன் போட்டேன். அவன் நினைப்பில் ஒரு தப்பு, அந்த விளம்பரத்தில் ஒரு தப்பு. அவனைப் போலவே பலரும் கேட்கிறார்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் செகண்ட் ஹேண்ட் மாருதி பலேனோ தேடுகிறவர்களுக்கு இப்போது கண்ணில் படுவது மூன்று நான்கு வகை. 2015-ல் வந்த முதல் மாடல், 2019-ல் வந்த ஹைப்ரிட், அதே காலத்து சிவிடி ஆட்டோமேட்டிக், அப்புறம் 2022-ல் வந்த புது பாடி. வெளியிலிருந்து பார்த்தால் முதல் மூன்றும் ஒரே வண்டி மாதிரிதான் இருக்கும். நான் மூன்று வருடமாக ஹைப்ரிட் ஓட்டுகிறேன், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

## எதை வைத்துப் பார்ப்பது

மைலேஜைக் கடைசியில் வையுங்கள். நம்ம ஏரியாவில் முதல் கேள்வி இடது கால். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நின்றுவிட்டால், கிளட்சை மிதித்து மிதித்து வீட்டுக்கு வரும்போது முட்டி பேசும். இரண்டாவது தண்ணீர். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது உப்புக் காற்று, காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ கடலைப் பார்த்துத் தெருவில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நான்காவது, தெரு முனை மெக்கானிக் கையால் முடிகிற வேலையா, இல்லை ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டுமா என்பது. ஐந்தாவது பாதுகாப்பு. இத்தனையும் பார்த்த பிறகுதான் மாதம் எத்தனை கிலோமீட்டர், லிட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கு.

## முதலில் அது என்ன ஹைப்ரிட் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மச்சானின் தப்பு இங்கேதான். ஹைப்ரிட் என்றதும் டொயோட்டா பிரியஸ் மாதிரி பேட்டரியிலேயே கொஞ்ச தூரம் ஓடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பலேனோவில் இருப்பது மைல்டு ஹைப்ரிட். மோட்டாரால் மட்டும் இந்த வண்டி ஒரு அடி கூட நகராது.

இதில் ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஐஎஸ்ஜி என்ற ஒரு மெஷின் பெல்ட்டில் சேர்ந்து சுற்றுகிறது. பிரேக் பிடிக்கும்போது, ஆக்சிலரேட்டரை விடும்போது அது கரண்ட் எடுத்து முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன லித்தியம் பேட்டரியில் போடும். மறுபடி வேகம் எடுக்கும்போது அந்தக் கரண்டில் இன்ஜினுக்கு ஒரு தள்ளு கொடுக்கும். சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றி கிளட்சை விட்டால் இன்ஜின் நின்றுவிடும், கிளட்சை மிதித்தால் சத்தமில்லாமல் திரும்ப ஓடும். அவ்வளவுதான். இதுவரைக்கும் இந்தியாவில் மாருதியோ டொயோட்டாவோ விற்ற ஹைப்ரிட் பலேனோ, கிளான்ஸா (டொயோட்டா பேட்ஜ் போட்ட இதே வண்டி) எல்லாமே இந்த வகைதான்.

| | 2015–18 பெட்ரோல் | 2019 முதல் ஹைப்ரிட் | பழைய பாடி சிவிடி (பிஎஸ்6 புகை விதி) | 2022 முதல் |
|---|---|---|---|---|
| கம்பெனி சொன்ன மைலேஜ் (லிட்டருக்கு கி.மீ.) | 21.4 | 23.87 | 19.56 | மேனுவல் 22.35, ஏஎம்டி 22.94 |
| பவர் | 84 பிஎஸ் | 90 பிஎஸ் | 83 பிஎஸ் | 90 பிஎஸ் |
| கியர் | மேனுவல் (சிவிடியும் உண்டு) | மேனுவல் மட்டும் | சிவிடி | மேனுவல், ஏஎம்டி |
| டிக்கி | 339 லிட்டர் | 339 லிட்டர் | 339 லிட்டர் | 318 லிட்டர் |
| ஏர்பேக் | 2 | 2 | 2 | ட்ரிமைப் (வசதி நிலையைப்) பொறுத்து 2 அல்லது 6 |

## 2015–18: பழைய பெட்ரோல்

2015 அக்டோபரில் வந்தது. 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், அந்தக் காலத்து ஸ்விஃப்டில் இருந்த அதே குடும்பத்து இன்ஜின். இதைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் வடசென்னையில் கிடையாது. புதுப்பேட்டையில் கதவிலிருந்து கண்ணாடி வரை பார்ட்ஸ் குவிந்து கிடக்கிறது. ராயபுரத்தில் கடை, வியாசர்பாடியில் வீடு, மாதம் 400 கிலோமீட்டர் ஓடினால் அதிகம் என்கிறவர்களுக்கு இதற்கு மேல் காசு போடக் காரணமே இல்லை.

மறைந்திருக்கும் செலவு என்றால் வயசுதான். சஸ்பென்ஷன் புஷ், ஷாக், சைலன்சர், கடலோரம் நின்ற வண்டியாக இருந்தால் அடிப்பக்கத் துரு. லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்க்காமல் பேசவே ஆரம்பிக்காதீர்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல், இந்த வயசு வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. அதனால் எரிபொருள் ரப்பர் குழாய்களையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். மைலேஜும் கொஞ்சம் அடிபடும்.

டீசலும் இருந்தது, 1.3 லிட்டர், கம்பெனி கணக்கில் 27.39. பிஎஸ்6 வந்தபோது 2020-ல் நின்றுபோனது. தினமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய் வருகிற ஆளாக இருந்தால் மட்டும் பாருங்கள். ஊருக்குள் சுற்றுகிறவருக்கு இன்ஜெக்டர், டர்போ செலவு ஒரே தடவையில் இரண்டு வருட மிச்சத்தை வாங்கிவிடும்.

## 2019 முதல்: ஸ்மார்ட் ஹைப்ரிட்

2019 ஏப்ரலில் வந்தபோது சாதாரண பலேனோவை விட 89,000 ரூபாய் கூடுதல். அந்தக் கூடுதலுக்கு இரண்டு விஷயம் கொடுத்தார்கள். ஒன்று மேலே சொன்ன ஐஎஸ்ஜி, லித்தியம் பேட்டரி. இன்னொன்று டூயல்ஜெட் என்ற புது இன்ஜின், சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் வைத்தது. விற்கிறவர் முதலாவதைப் பற்றி மட்டும்தான் பேசுவார், ஏனென்றால் பின் கதவில் பேட்ஜ் இருப்பது அதற்குத்தான். ஆனால் மூன்று வருடம் ஓட்டினதில் நான் சொல்வேன், வாங்க வேண்டிய பொருள் அந்த இன்ஜின்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,000 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று சுலபமாக வைத்துக்கொள்ளுங்கள். அதே வருட சாதாரண பிஎஸ்6 பலேனோவுக்குக் கம்பெனி சொன்னது 21.01, அதன்படி 47.6 லிட்டர். ஹைப்ரிடுக்கு 23.87, அதன்படி 41.9 லிட்டர். மாதம் 570 ரூபாய் மிச்சம். 89,000-ஐ இதில் வகுத்தால் 156 மாதம், அதாவது 13 வருடம். புதுசாக வாங்கினவருக்குக் கதை அது. செகண்ட் ஹேண்டில் 40,000 கூடக் கேட்கிறார் என்றாலும் போட்ட காசு வர ஆறு வருடம் ஆகும், அதுவும் ஒரு ரிப்பேர் கூட வராமல் இருந்தால்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2022-ல் புது பாடி வந்தபோது பேட்டரியையும் ஐஎஸ்ஜியையும் எடுத்துவிட்டார்கள், டூயல்ஜெட்டையும் சிக்னலில் நிற்கும் வசதியையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதற்கே 22.35 சொன்னார்கள். அப்படியென்றால் அந்த ஹைப்ரிட் சமாச்சாரத்தின் பங்கு மாதம் 300 ரூபாய்க்குள்ளே என்று கையெழுத்துப் போடாமல் அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரி.

சரி, நிஜத்தில் எப்படி? என் வண்டி ஊருக்குள் 15, 16 கொடுக்கும். செங்குன்றம் தாண்டி கல்கத்தா ரோடு ஏறிவிட்டால் 20. சிக்னலில் நிற்கிற வசதி மார்கழிக் காலையில் அருமையாக வேலை செய்யும். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு டிரெய்லருக்குப் பின்னால் நிற்கும்போது இன்ஜின் நின்றால் ஏசி கம்ப்ரஸரும் நின்றுவிடும், ஏனென்றால் அதுவும் இன்ஜின் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. இருபது முப்பது செகண்டில் வெறும் காற்று வர ஆரம்பிக்கும், பக்கத்து சீட்டிலிருந்து வீட்டம்மா ஒரு பார்வை பார்ப்பாள், நான் அந்த வசதியை நிறுத்தும் பட்டனை அழுத்திவிடுவேன். வருடத்தில் ஏழெட்டு மாதம் எங்கள் வண்டியில் அந்தப் பட்டன் அழுத்தியபடிதான் இருக்கிறது.

மறைமுகச் செலவில் முதலாவது பேட்டரி. இதில் பேட்டரி இரண்டு. சீட்டுக்கு அடியில் லித்தியம், பானட்டுக்குள் வழக்கமான லெட் ஆசிட். அந்த லெட் ஆசிட்டும் அடிக்கடி ஸ்டார்ட் ஆவதற்கென்று செய்த வகையாக இருக்க வேண்டும், சாதாரணத்தை விட விலை ஜாஸ்தி. எனக்கு இது தெரியாமல் போன வருஷம் ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சாதாரண பேட்டரியைப் போட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் சிக்னலில் இன்ஜின் நிற்பது நின்றது, எட்டாம் மாதம் பேட்டரியே படுத்துவிட்டது, இரண்டாம் முறை முழுக் காசு. லித்தியம் பேட்டரிக்கு வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே சர்வீஸ் சென்டர் பார்ட்ஸ் கவுண்டரில் சேஸிஸ் நம்பர் கொடுத்து விலையை எழுதி வாங்குங்கள், அந்தத் தாளைக் காட்டியே விற்கிறவரிடம் பேரம் பேசலாம்.

அடுத்தது பெல்ட். சாதாரண வண்டியில் இன்ஜின் பெல்ட்டை இழுக்கும். இதில் ஐஎஸ்ஜியும் திருப்பி இன்ஜினை இழுக்கிறது, இரண்டு பக்கமும் சுமை. பெல்ட்டும் டென்ஷனரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டார்ட் ஆகும்போது கீச் என்றால் சந்தேகப்படுங்கள்.

2019-ல் செய்த வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. 2019 ஜனவரி முதல் நவம்பர் தொடக்கம் வரை தயாரான பெட்ரோல் பலேனோக்களை ஃப்யூயல் பம்ப்புக்காக 2020 ஜூலையில் திரும்ப அழைத்தார்கள். அதில் ஜூலை கடைசி முதல் நவம்பர் 1 வரை செய்ததில் ஒரு பகுதியை 2024 மார்ச்சில் மறுபடி அழைத்தார்கள். இலவசமாகத்தான் மாற்றிக் கொடுப்பார்கள், ஆனால் உங்களுக்கு முந்தின ஓனர் கொண்டுபோனாரா என்பது வேறு கேள்வி. சேஸிஸ் நம்பர் சொன்னால் சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் மச்சானின் விளம்பரம். ஹைப்ரிட் பலேனோ டெல்டா, ஜீட்டா என்ற இரண்டு ட்ரிமில், மேனுவல் கியரில் மட்டும்தான் வந்தது. மேல் ட்ரிமான ஆல்ஃபாவில் ஹைப்ரிட் கிடையாது. ஆட்டோமேட்டிக்கில் ஹைப்ரிட் கிடையவே கிடையாது. அப்படி ஒரு வண்டியை யாராவது விற்றால் அவர் விற்பது ஒரு ஸ்டிக்கரை.

சாதாரண டெல்டா, ஜீட்டா விலைக்கே, அல்லது பத்து இருபதாயிரம் கூட வைத்து, தண்ணீர் பார்க்காத ஹைப்ரிட் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஓட்டுவதற்கு இந்த நாலில் எனக்குப் பிடித்தது இதுதான், மூன்றாவது கியரில் இழுப்பு நன்றாக இருக்கும். ஹைப்ரிட் என்ற பெயருக்காகக் கூடக் கொடுக்காதீர்கள்.

### கிளான்ஸாவும் இதே வண்டிதான்

2019 ஜூனில் டொயோட்டா பெயரில் வந்தது. ஹைப்ரிட் இருந்த ஜி ட்ரிம் மேனுவல், பலேனோ ஜீட்டா ஹைப்ரிடை விட 65,000 குறைவாக, 7.22 லட்சத்துக்கு வந்தது, வாரண்டியும் அப்போது அதிகம். அந்த வாரண்டியெல்லாம் இப்போது முடிந்த கதை. ஆனால் பலேனோ கேட்டுத் தேடுகிறவர்கள் கிளான்ஸாவைப் பார்ப்பதில்லை என்பதால் சில நேரம் நல்ல வண்டி சும்மா நிற்கும். ரெண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

## பழைய பாடி சிவிடி

மைலேஜ் பட்டியலில் கடைசி. ஆனால் டோல்கேட்டிலிருந்து மிண்ட் வரை தினமும் ஆபீஸ் நேரத்தில் போகிறவரிடம் நான் சொல்வது இதைத்தான். பெல்ட்டில் ஓடும் கியர் என்பதால் தலையாட்டம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு ஹைப்ரிடை விட ஒரு 900 ரூபாய் கூட ஆகும், கம்பெனி மைலேஜ்படி. முட்டி டாக்டர் ஃபீஸோடு வைத்துப் பாருங்கள்.

சிவிடிக்கு அதற்கென்ற ஆயில்தான் ஊற்ற வேண்டும், வேறு எதையாவது ஊற்றினால் கியர்பாக்ஸ் காலி. கியர்பாக்ஸ் கெட்டால் தெரு மெக்கானிக்கால் ஆகாது, செலவும் பெரிசு. சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத சிவிடியைத் தொடாதீர்கள். டெஸ்ட் டிரைவில் ஒரு மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நிறுத்தி மெதுவாக எடுத்துப் பாருங்கள், நடுக்கமோ ஊளையோ இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

## 2022 முதல்: புது பாடி

இதில் ஹைப்ரிட் இல்லை, அதுதான் வேடிக்கை. டூயல்ஜெட் இருக்கிறது, சிக்னலில் நிற்கிற வசதி இருக்கிறது, மேல் ட்ரிமில் 6 ஏர்பேக் இருக்கிறது. சிவிடி போய் ஏஎம்டி வந்துவிட்டது. ஏஎம்டி என்பது மேனுவல் கியரை மெஷின் மாற்றுவது, விலையும் குறைவு, ரிப்பேரும் சிவிடி அளவுக்குப் பயமில்லை, ஆனால் ஊர்ந்து போகிற டிராஃபிக்கில் தலை முன்னும் பின்னும் ஆடும். பழகிக்கொள்ளலாம் என்பார்கள். என் அம்மா பழகவில்லை.

பாதுகாப்பில் இது ஒரு படி மேல். பழைய பாடி, இரண்டு ஏர்பேக் பலேனோவுக்கு மோதல் சோதனை நடத்தும் லத்தீன் என்கேப் 2021-ல் பூஜ்யம் ஸ்டார் கொடுத்தது, அந்த ஊர் விதிமுறைப்படி. புது பாடிக்கு பாரத் என்கேப் 2025-ல் பெரியவர்களுக்கு 4 ஸ்டார் கொடுத்தது. இரண்டும் ஒரே பரீட்சை இல்லை, நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. 2025 நடுவிலிருந்து எல்லா ட்ரிமிலும் 6 ஏர்பேக்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு செய்த வண்டி 20 சதவீத எத்தனாலுக்குத் தயாராக வருகிறது, அதனால் 2022-ஆ 2023-ஆ என்றால் 2023. சிஎன்ஜியும் 2022 கடைசியிலிருந்து உண்டு, கிலோவுக்கு 30.61 என்றார்கள், டிக்கியை டேங்க் சாப்பிட்டுவிடும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியிலேயே பங்க் இருந்தால் பாருங்கள், காஸுக்கு என்று தனியாகப் போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் வேண்டாம்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு, செகண்ட் ஹேண்டை விடப் புதுசே மேல் என்ற நிலை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிவிட்டது, முன்பு செஸ்ஸோடு 29. பழைய விலையை மனதில் வைத்து இரண்டு வருட வண்டிக்கு அதிகம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஷோரூமில் ஆன் ரோடு விலை வாங்கிக்கொண்டு போய் அப்புறம் பேசுங்கள்.

## எந்த மாடலானாலும் தண்ணீரைப் பாருங்கள்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நான் முந்தின நாள் இரவே வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டேன், சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், மறுநாள் யாரும் சிரிக்கவில்லை. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெறும் மழைத் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்தது. அப்போது அங்கே நின்ற வண்டிகளில் சில இப்போது பாலிஷ் போட்டு விற்பனைக்கு வருகின்றன.

அப்படி ஒன்றை நானே பார்த்தேன். மேலே பளபளவென்று இருந்தது. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன், கடைசி ஒரு சாண் நீளம் பழுப்பாக இருந்தது. சீட் தண்டவாளத்தில் துரு. முன் கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கினால் கருப்பாக ஒரு பிசுக்கு, விரலில் ஒட்டினது சோப்புப் போட்டும் மாலை வரை போகவில்லை. அது ஹைப்ரிட் வேறு. லித்தியம் பேட்டரி முன் சீட்டுக்கு அடியில் என்று சொன்னேனே, கார்ப்பெட் நனைந்த ஹைப்ரிடில் முதலில் குளிப்பது அதுதான். சாதாரண பலேனோ கார்ப்பெட் வரை நனைந்து காய்ந்திருந்தால் பேரம் பேசலாம். ஹைப்ரிட் நனைந்திருந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தையும் கேளுங்கள், 2023 டிசம்பர், 2024 ஜனவரியில் பெரிய கிளைம் இருந்தால் காரணம் சொல்லச் சொல்லுங்கள். டிஎன் 03, 04, 05 நம்பர் என்பதாலேயே ஒதுக்க வேண்டாம், மேட்டுத் தெருவில் நின்ற நல்ல வண்டிகளும் உண்டு. அதே போல வெளியூர் நம்பர் என்பதால் தண்ணீர் பார்க்காதது என்றும் நம்ப வேண்டாம்.

## யாருக்கு எது

மாதம் 500-க்குக் கீழே, கையில் காசு குறைவு, தெரு மெக்கானிக் நண்பர்: 2017, 18 பெட்ரோல் மேனுவல். தினம் டிராஃபிக், மைலேஜ் பற்றிக் கவலை இல்லை, ரெக்கார்டு சுத்தமாகக் கிடைக்கிறது: சிவிடி. பாதி ஊருக்குள் பாதி ஹைவே, மேனுவல் பிடிக்கும், சாதாரண விலைக்குக் கிடைக்கிறது: ஹைப்ரிட், பலேனோவோ கிளான்ஸாவோ. குழந்தைகள், ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டுவேன்: 2023-க்கு மேல் 6 ஏர்பேக் உள்ளது, அல்லது கடன் கட்ட முடிந்தால் புதுசு.

மச்சான் மணலியிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் போகிறவன், அவனுக்கு சிவிடி என்று சொல்லியிருக்கிறேன். அந்த விளம்பரக்காரருக்குப் போன் போட்டு, ஹைப்ரிட் என்றால் சிக்னலில் இன்ஜின் நிற்கிற வசதியை நிறுத்தும் பட்டனை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து பதில் வந்ததாம்: "சார், வண்டி சிவிடிதான், பேட்ஜ் அழகுக்குப் போட்டது. வேணும்னா கழட்டிக் கொடுத்துடறேன்." சர்வீஸ் புத்தகம் இருக்கிறதா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறான்.